மாதிரிப் பயணி

பாதுகாப்பான பயண வாரியத்தின் வாசலில் இருந்த பலகை ஊரிலேயே பெரியது. ஆற்றுப் பாலத்தின் இந்தக் கரையில் நின்றாலும் தெரியும், அந்தக் கரையில் நின்றாலும் தெரியும். ஆள் உயர எழுத்தில் ஒரே ஒரு வரி: "இதுவரை ஒரு விபத்துகூட இல்லை."

அதில் பொய் ஏதும் இல்லை. சக்கர நாற்காலியில் வாழ்பவர்களை மோட்டார் வண்டியில் பத்திரமாக ஏற்றிச் செல்ல வழி செய்வதற்காகத் தொடங்கப்பட்ட அந்த வாரியம், தொடங்கிய நாளிலிருந்து யாரையும் ஏற்றிச் செல்ல விட்டதில்லை. ஏறாத ஆள் எப்படி விழுவார்?

இந்த விவரம் டீச்சருக்குத் தெரியாது. அவர் அந்தக் கரையில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துபவர். கால்கள் இரண்டும் செயலிழந்து வெகுகாலமாகிறது. மோட்டார் வைத்த சக்கர நாற்காலியில்தான் வீடு, வாசல், கடைத்தெரு எல்லாம். பள்ளிக்கு மட்டும் வேறு ஏற்பாடு. தினமும் காலையில் அவருடைய கணவர் அவரை இரண்டு கைகளாலும் அள்ளித் தூக்கிக் காரின் முன்சீட்டில் உட்கார வைப்பார். பள்ளியில் ஒரு பழைய தள்ளு நாற்காலி காத்திருக்கும். விடுமுறையில் ஒருநாள் அலமாரியை நகர்த்தப் போன கணவருக்கு முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது. "இனிமே ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

"நான் ஒரு வாளித் தண்ணியைவிடக் கொஞ்சம் அதிகம்தான்" என்றார் டீச்சர்.

தலைமையாசிரியர் போனில் கனிவாகப் பேசினார். அந்தக் கனிவுதான் பயமாக இருந்தது. "பள்ளி திறக்கிற அன்னைக்கு முதல் மணி அடிக்கிறப்போ நீங்க வகுப்புல இருக்கணும் டீச்சர். இல்லாட்டி வேற ஆளைப் போட்டுடச் சொல்லி மேலிடத்துல நெருக்குறாங்க. என்னால அதுக்கு மேல இழுத்துப் பிடிக்க முடியாது."

ஆகவே காரை விற்று, உயரமான ஒரு பழைய வேனை வாங்கினார்கள். வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் அதன் பின்கதவில் மடிக்கும் சாய்பலகை ஒன்றைப் பொருத்தினார். தரையில் தண்டவாளம் போல, நடுவில் பள்ளம் ஓடும் இரண்டு இரும்புக் காடிகளைப் பதித்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே டீச்சர் உள்ளே ஏறிப் பயணம் செய்யலாம்.

இதில் என்ன சூட்சுமம் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மோட்டார் நாற்காலி நம் வீட்டுக் கூடத்து நாற்காலி போல லேசானது இல்லை. அடியில் பேட்டரிகள், மோட்டார்கள், கனத்த இரும்புச் சட்டம். டீச்சரும் உட்கார்ந்தால் மூன்று ஆள் எடை தேறும். வண்டி ஓடும்போது அந்த எடையும் கூடவே அதே வேகத்தில் ஓடுகிறது. டிரைவர் பிரேக் அடித்தால் வண்டி நின்றுவிடும். ஆனால் நாற்காலிக்கு யாரும் பிரேக் அடிக்கவில்லையே! அது தன் பாட்டுக்கு முன்னே போய்க்கொண்டிருக்கும், எதிரில் யாருடைய பிடரியாவது வரும்வரை.

அதனால்தான் நான்கு பட்டைகள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஒரு முனை தரைக் காடியில் பூட்டிக்கொள்ளும். மறுமுனைக் கொக்கியை நாற்காலியின் இரும்புச் சட்டத்தில் மாட்ட வேண்டும். பின்பட்டைகள்தான் முக்கியம். பிரேக்கில் முன்னே பாயும் நாற்காலியைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பவை அவை. சக்கரத்தில் மாட்டக் கூடாது, அது சுழலும். கைதாங்கியில் மாட்டவே கூடாது. அது மேலே இழுத்தால் கையோடு கழன்று வரும்படி செய்யப்பட்டது. நாற்காலி வண்டி போகும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும், மோட்டாரை அணைத்துவிட வேண்டும். இவ்வளவும் நாற்காலிக்கு. ஆளுக்குத் தனியாக ஒரு பெல்ட் உண்டு. இடுப்பெலும்பின் மேல் ஒரு வார், தோளின் குறுக்கே ஒரு வார். நாற்காலியைக் கட்டிவிட்டு ஆளைக் கட்டாமல் விட்டால், நாற்காலி மட்டும் பத்திரமாக இருக்கும்.

பழகிவிட்டால், பால் பொங்குவதற்குள் முடித்துவிடக்கூடிய வேலை. பட்டறைக்காரர் இழுத்துப் பார்த்தார், உதைத்துப் பார்த்தார், மேலே ஏறிக் குதித்தும் பார்த்தார். "அசைய மாட்டேங்குதுக்கா. யானையை வச்சுக் கட்டலாம்" என்றார்.

வண்டி பாலத்தடிக்குப் போனதும் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். "வாரியத்து ஸ்டிக்கர் எங்க? ஸ்டிக்கர் இல்லாம நாற்காலியோட பாலம் தாண்ட முடியாது. திருப்புங்க."

அப்படித்தான் டீச்சர் வாரியத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

*

வாரியத்தின் முகப்பில் அழகான சாய்தளம் ஒன்று இருந்தது. உறுத்தாத சரிவு, வழுக்காத தரை, இரு புறமும் கைப்பிடிக் கம்பி. யாரோ விஷயம் தெரிந்தவர் கட்டியிருக்கிறார் என்று மனதுக்குள் பாராட்டியபடி டீச்சர் மேலே ஏறினார். மேலே சுவர் இருந்தது.

"அம்மா, அது பார்க்கிறதுக்கு" என்று கீழிருந்து கூப்பிட்டார் காவலாளி. "வெளியிலேர்ந்து பெரிய ஆளுங்க வந்தாங்கன்னா காட்டுறது. உள்ள போறதுக்கு வழி இந்தப் பக்கம், படி."

"படியில நான் எப்படிங்க ஏறுறது?"

"அதுக்குத்தானே சாய்தளம் கட்டியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, சொன்னதில் ஏதோ இடிக்கிறதே என்று காவலாளி தலையைச் சொறிந்துகொண்டார்.

ஆகவே டீச்சர் சம்பந்தப்பட்ட எல்லா விசாரணைகளும் கார் நிறுத்தும் கூரைக்கடியில் நடந்தன. முதலில் வந்தவர் சாய்பலகை அதிகாரி. புதுச் செருப்போடு வேனின் பலகையில் அவரே நடந்து ஏறினார், பாதியில் வழுக்கி உட்கார்ந்தார். "நடக்கத் தகுதியில்லாத பலகை" என்று அறிவித்துவிட்டு, பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டே போய்விட்டார். நடக்க முடிந்தவர்களுக்கு அந்தப் பலகை எதற்கு என்று டீச்சர் கேட்பதற்குள் அவர் படியேறி மறைந்துவிட்டார்.

அடுத்து வந்தவர் பட்டை அதிகாரி. கையில் விசில் வைத்திருந்தார். எதற்கென்று கடைசிவரை தெரியவில்லை. அவர் டீச்சரைத் தாண்டி நேராகக் கணவரிடம் போனார்.

"இவங்களால எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்கார முடியும்?"

"நான் காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் உட்கார்ந்தேதான் சார் இருக்கேன்" என்றார் டீச்சர்.

பட்டை அதிகாரியின் கண் கணவரைவிட்டு அகலவில்லை. "அட, நல்லாப் பேசுறாங்களே!" என்று அவரைப் பாராட்டினார். "வீட்டுல நீங்க பழக்கினீங்களா?"

"அவங்கதான் சார் என்னைப் பழக்குறாங்க" என்றார் கணவர்.

டீச்சர் நாற்காலியோடு வேனில் ஏறிக்கொள்ள, கணவர் பட்டைகளை மாட்டினார். பட்டை அதிகாரி உள்ளே ஏறி நான்கு பட்டைகளையும் தடவிப் பார்த்தார். பிறகு பின்பட்டைக் கொக்கிகளைச் சட்டத்திலிருந்து கழற்றி, இரண்டு கைதாங்கிகளிலும் மாட்டி, தள்ளி நின்று ரசித்தார்.

"சார், அதுல மாட்டாதீங்க" என்றார் டீச்சர். "அது கழட்டுற சாமான். பிரேக் அடிச்சா கைதாங்கி மட்டும்தான் உங்ககிட்ட இருக்கும், நான் கண்ணாடியை உடைச்சுக்கிட்டு ரோட்டுல இருப்பேன். இங்க பாருங்க." ஒரு கைதாங்கியைச் சும்மா மேலே இழுத்தார். அது கையோடு வந்தது.

"இவங்களக் கொஞ்சம் அமைதியா இருக்கச் சொல்லுங்க சார்" என்றார் பட்டை அதிகாரி, கணவரிடம். "சட்டத்துல மாட்டினா பட்டை கோணலா, கீழ இருக்கு. போட்டோல தெரியாது. கைதாங்கியில மாட்டினா நேரா, அம்சமா இருக்கு. நான் இந்தப் பட்டையிலயே முடி நரைச்சவன்."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை வரும்போதும் பலகைக்கு ஓர் ஆள் இருந்தார், பட்டைக்கு ஓர் ஆள் இருந்தார், தரைக்கும் கூரைக்கும்கூட ஆள் இருந்தார்கள். உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்ப்பது எந்தப் பிரிவு என்று டீச்சர் கேட்டபோது, "ஆளுக்குன்னு பிரிவு இல்லீங்க" என்றார்கள், அதைப் போய் ஒரு கேள்வியாகக் கேட்கிறாரே என்பதுபோல. வருகிறவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. சக்கரத்தைப் பார்த்தார்கள், பேட்டரியைப் பார்த்தார்கள், கணவரைப் பார்த்தார்கள்.

பள்ளி திறக்கும் நாள் நெருங்கியது. ஒருநாள் வாரியத் தலைவரே இறங்கி வந்தார். அவருக்கும் அவரோடு வந்தவர்களுக்கும் நாற்காலிகள் கொண்டுவந்து போடப்பட்டன. எல்லோரும் நாற்காலிகளில் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டு, நடுவில் இருக்கும் நாற்காலி ஒரு நாற்காலிதானா என்று விவாதித்தார்கள்.

"சாமான்னு வச்சுக்குவோம்" என்றார் தலைவர். "சாமான் மேல ஆள் உட்கார்ந்து போகலாமா? கூடாது."

"வண்டின்னு வச்சுக்கலாம் சார்" என்றார் பட்டை அதிகாரி. "மோட்டார் இருக்கு, சக்கரம் இருக்கு, ஆள் உட்காருது."

"அப்போ வண்டிக்குள்ள வண்டி. உள்வண்டிக்கு டிரைவர் யாரு?"

எல்லோரும் கணவரைப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றார் டீச்சர்.

"டிரைவர்னா ஓடுற வண்டியில ஸ்டியரிங்ல கை வச்சுக்கிட்டே இருக்கணும். ஆனா நாற்காலி மோட்டாரை அணைக்கணும்னும் விதி இருக்கு. அணைச்ச வண்டியை எப்படி ஓட்டுவாங்க? ஓட்டலன்னா எப்படி டிரைவர்?" தலைவர் விரல் நுனிகளை ஒன்றோடொன்று பொருத்திக்கொண்டார். தம்முடைய அறிவை நினைத்துத் தமக்கே வியப்பு வரும்போது அவர் அப்படிச் செய்வது வழக்கம். "சிக்கல் புரியுதா சார் உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணுதான் புரியுது" என்றார் டீச்சர். "அடுத்த வாரம் பள்ளி திறக்குது. நான் முதல் மணிக்குள்ள பாலம் தாண்டணும். தாண்டலன்னா வேலை போயிடும்."

தலைவருக்கு முதன்முறையாக மனம் இளகியது. கணவரின் தோளில் கை வைத்தார்.

"பாதுகாப்புன்னா என்னன்னு இவங்களுக்குப் பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. ஆபத்து எங்கேயிருந்து வருது? ஆள் ஏறுறதுலேர்ந்து வருது. ஆள் ஏறாத வரைக்கும் எங்க பட்டை அறுந்ததில்ல, எங்க பலகை உடைஞ்சதில்ல. அந்தப் போர்டைப் பாத்தீங்கல்ல? அதுக்காக நாங்க எத்தனை பேரை ஏறவிடாம காப்பாத்தியிருக்கோம் தெரியுமா? சும்மா வந்ததில்ல அந்தப் பேரு. ஆனா எங்களுக்கும் மனசு இருக்கு. உங்க வேன்ல, இந்த நாற்காலியில, மாதிரிப் பயணியை வச்சு ஓட்டிப் பார்ப்போம். அவர் நல்லபடியாப் போய் வந்தார்னா, மேற்கொண்டு யோசிக்கலாமான்னு யோசிப்போம்."

*

மாதிரிப் பயணி வெளிநாட்டிலிருந்து வந்த ரப்பர் பொம்மை. ஒரு முழு ஆள் எடை. சாம்பல் நிற முழு அங்கி, கையுறை, கறுப்புக் கண்ணாடி முழுதாக மூடிய ஹெல்மெட். வாரியத்தில் ஏ.சி. அறை இரண்டு பேருக்குத்தான். ஒருவர் தலைவர். ஊழியர்கள் பொம்மையை 'அவர்' என்றுதான் சொன்னார்கள். வெயில் நாளில் வெளியே கொண்டுவந்தால் குடை பிடித்தார்கள்.

சோதனைக்கு நாள் குறித்துச் சொன்னார்கள். பள்ளி திறக்கும் அதே நாள் காலை. வழி, பாலத்தைத் தாண்டி, பள்ளிக்கூடத் தெரு வரை. அங்கே தெரு அகலமாக இருப்பதால் பிரேக் சோதனைக்குத் தோதாம். பத்திரிகைக்காரர்களும் வருவார்களாம்.

"அப்போ என் நாற்காலி நான் போகவேண்டிய இடத்துக்கே போகுது. என் வேன்லதான் போகுது. நேரத்துக்கும் போகுது" என்றார் டீச்சர், வீட்டுக்கு வந்ததும். "அந்த ரப்பர் பொம்மை போகலாம், நான் போகக் கூடாது."

கணவர் வெந்நீர்ப் பையை முதுகுக்கு வைத்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார். "கோவத்துல ஏதாவது திட்டம் போடாத. உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது."

"உங்களுக்குத் தெரியுது. அவங்க ஒருத்தராவது இந்த மூஞ்சியை இதுவரைக்கும் பாத்திருக்காங்களா? சொல்லுங்க, யாராவது ஒருத்தர்?"

கணவர் யோசித்தார். பிறகு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். முதுகு வலித்தது, வலித்தாலும் சிரித்தார்.

சோதனை நாள் காலை, மாதிரிப் பயணியைக் கூரைக்கடியில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஊழியர்கள் மாலை வாங்கப் போயிருந்தார்கள். பட்டறைக்காரர் தம்முடைய சாம்பல் அங்கியையும் கையுறையையும் கொண்டுவந்திருந்தார். பொம்மையின் ஹெல்மெட்டைக் கழற்றி டீச்சருக்குப் போட்டார். டீச்சரின் சால்வையை எடுத்துப் பொம்மையின் தலையோடு போர்த்தினார். கணவர் டீச்சரின் கைப்பையை அதன் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பட்டறைக்காரர் டீச்சரை வேனில் ஏற்றி, நான்கு கொக்கிகளையும் சட்டத்தில் மாட்டி, பெல்ட்டையும் போட்டு, இழுத்துப் பார்த்தார்.

"அக்கா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. இறங்கிடலாம்."

"மாதிரிப் பயணிகிட்டப் பேசக் கூடாது" என்றது ஹெல்மெட்.

மாலையோடு திரும்பிய ஊழியர்கள், மாதிரிப் பயணியை வேறு யாரோ ஏற்றிவிட்டார்கள், வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டார்கள். தலைவர் வந்தார். பெஞ்சில் சால்வை போர்த்தியிருந்த உருவத்தைப் பார்த்து நின்றார். "இன்னைக்கு எவ்வளவு அடக்கமா இருக்காங்க பாருங்க!" என்றார் கணவரிடம். "நான் சொன்னதை எடுத்துச் சொன்னீங்களா?"

"சொன்னேன் சார். அதுலேர்ந்து ஒரு வார்த்தை பேசல."

"இப்படி இருந்தா எங்களால எவ்வளவோ செய்ய முடியும்மா" என்று தலைவர் பொம்மையிடமே குனிந்து சொன்னார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பயணியிடம் அவர் நேரடியாகப் பேசியது அன்றுதான்.

வேனின் முன்கண்ணாடியில் ஸ்டிக்கரை ஒட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். வெற்றி எப்படியும் வரத்தான் போகிறது, பத்திரிகைக்காரர்களைக் காக்க வைப்பானேன்? ஸ்டிக்கரில், "மாதிரிப் பயணிக்கு மட்டும்" என்று இருந்தது.

பிறகு பட்டை அதிகாரி உள்ளே ஏறினார். "பாதுகாப்பே எங்கள் மூச்சு" என்று எழுதிய அட்டை ஒன்றை டீச்சரின் கழுத்தில் மாட்டினார். அவர் முகத்துக்கும் டீச்சரின் முகத்துக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கண்ணாடிதான். டீச்சரின் மூச்சு பட்டு அது உள்பக்கம் பனித்தது. பட்டை அதிகாரி அட்டை நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இல்லை, தோள் பெல்ட் குறுக்கே வந்து 'பாதுகாப்பே' என்ற சொல்லை மறைத்தது. பெல்ட்டைக் கழற்றித் தூரப் போட்டார். அப்புறம் பின்பட்டைகள் கோணலாக இருப்பது கண்ணில் பட்டது. கொக்கிகளைச் சட்டத்திலிருந்து எடுத்து, நேராகவும் அம்சமாகவும், கைதாங்கிகளில் மாட்டினார். கதவு சாத்தப்பட்டது.

பட்டறைக்காரர் வெளியிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். வாய் திறந்தது. வேன் கிளம்பிவிட்டது.

*

ஓட்டியவர் வாரியத்து டிரைவர். அவருக்குப் பக்கத்தில் தலைவர். பின்னால் ஓரச் சீட்டில் பட்டை அதிகாரி. நடுவில் டீச்சர், மூன்று ஆள் எடையோடு, தலைவரின் பிடரிக்கு நேர் பின்னால்.

பாலத்தடியில் போலீஸ்காரர் ஸ்டிக்கரைப் பார்த்தார், கழுத்து அட்டையைப் பார்த்தார், விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். ஆறு கீழே மினுங்கியது. விடுமுறை முழுக்க இந்தத் தண்ணீரைத் தாண்ட முடியாமல் கிடந்த டீச்சருக்குக் கண் கலங்கியது. ஹெல்மெட்டுக்குள் துடைக்கவும் வழியில்லை.

ஆனால் மனது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இயற்பியல் டீச்சரால் அதை நிறுத்த முடியாது. இந்த வேகம். இந்த எடை. கைதாங்கியைப் பிடித்துக்கொண்டிருப்பது சுண்டுவிரல் அளவு இரும்பு முளை ஒன்று. பள்ளிக்கூடத் தெருவில் பிரேக் அடித்ததும் பட்டைகள் கைதாங்கிகளோடு பின்தங்கிவிடும். நாற்காலி போகும். அதில் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் நான் அதற்கும் முந்திப் போவேன். பேசாமல் இருந்தால் உயிர் போகும். பேசினால் வண்டி திரும்பும், வேலை போகும்.

"தெரு வந்துடுச்சு" என்றார் தலைவர், திரும்பாமலே. "டிரைவர், நல்லா வேகமாப் போய், நான் கையைத் தூக்கினதும் ஒரே மிதி."

தெருக்கோடியில் பள்ளியின் நீலக் கதவு தெரிந்தது. வேன் வேகம் பிடித்தது. தலைவரின் கை மெல்ல உயரத் தொடங்கியது.

"நிறுத்தவும்" என்றது ஹெல்மெட்.

குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாத குரல். டிரைவர் பயந்துபோய் வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டினார்.

"பின்கொக்கிகள் இரண்டையும் கைதாங்கியிலிருந்து எடுத்துச் சட்டத்தில் மாட்டவும். இடுப்புக்கும் தோளுக்கும் பெல்ட் போடவும்."

தலைவர் திரும்பினார். "யாரு பேசுனது?"

பட்டை அதிகாரி ஹெல்மெட்டைச் சுட்டிக் காட்டினார். "மாதிரிப் பயணி சார்."

"அவர் பேசுவாரா?"

தம்முடைய பிரிவில் தமக்குத் தெரியாமல் ஒன்று நடந்தது என்று ஒப்புக்கொள்வதா? முடி நரைத்தது அதற்காக அல்ல. "புது வசதி சார். போன கூட்டத்துல நீங்கதான் ஒப்புதல் குடுத்தீங்க."

படிக்காமல் ஒப்புதல் கொடுத்தவை எத்தனையோ. தலைவர் விரல் நுனிகளைப் பொருத்திக்கொண்டார். "ஆமா, ஆமா. நான்தான் வற்புறுத்தினேன். வெளிநாட்டுச் சரக்குன்னா சும்மாவா? எவ்வளவு தெளிவாச் சொல்றார் பாருங்க! என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிற? சொன்னபடி மாட்டு."

கூரைக்கடியில் டீச்சர் தொண்டை வறளச் சொன்ன அதே வார்த்தைகள். இப்போது பட்டை அதிகாரி முட்டி போட்டு, வியர்த்து வழிய, கொக்கிகளைச் சட்டத்தில் மாட்டினார். பெல்ட்டைத் தேடி எடுத்துப் போட்டார். "சரியா இருக்குங்களா?" என்று பணிவாகக் கேட்கவும் செய்தார்.

"இன்னும் இறுக்கவும்" என்றது ஹெல்மெட். "முன்னால் இருப்பவரும் பெல்ட் போட்டுக்கொள்ளவும்."

தலைவர் போட்டுக்கொண்டார்.

வேன் மறுபடி வேகம் பிடித்தது. கை உயர்ந்தது. ஒரே மிதி.

டயர் கதறியது. பட்டை அதிகாரியின் விசில் எங்கோ பறந்தது. நாற்காலி முன்னே போகப் பார்த்தது. பின்பட்டைகள் நரம்பாய் விறைத்துப் பிடித்து இழுத்தன. டீச்சரின் உடம்பு முன்னே போகப் பார்த்தது; பெல்ட் தோளில் அழுந்தித் தடுத்தது. எல்லாம் ஒரு நொடி. பிறகு நாற்காலி இருந்த இடத்தில் இருந்தது. கழுத்து அட்டை மட்டும் கயிறு அறுந்து தலைவரின் பிடரியில் போய் விழுந்தது.

"பிரமாதம்!" என்றார் தலைவர், பிடரியைத் தடவிக்கொண்டே.

"கடைசிக் கட்டம், இறங்கும் சோதனை" என்றது ஹெல்மெட். "நீலக் கதவுக்கு நேராக வண்டியை நிறுத்தவும். பலகையை இறக்கவும். பட்டைகளை அவிழ்க்கவும். எல்லோரும் தள்ளி நிற்கவும்."

எல்லாவற்றையும் செய்தார்கள். பின்னாலேயே வந்த பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். மாதிரிப் பயணி மோட்டாரைப் போட்டுக்கொண்டு பலகையில் இறங்கி, கதவைத் தாண்டி, வராந்தாவில் திரும்பி மறைந்தபோது தலைவர்தான் முதலில் கை தட்டினார்.

முதல் மணி அடித்தது.

"டீச்சர்! வந்துட்டீங்களா!" தலைமையாசிரியர் கையிலிருந்த சாவிக்கொத்தை நழுவவிட்டார். "இது என்ன ஹெல்மெட்?"

"பாதுகாப்பு சார்" என்று சொல்லிவிட்டு, வகுப்புக்குள் போய், ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார் டீச்சர். முகமெல்லாம் வியர்வை. பிள்ளைகள் அந்த முகத்தைத்தான் பார்த்தார்கள்.

வெளியே கூட்டம் காத்திருந்தது.

"எப்ப திரும்பி வருவார்?" என்றார் தலைவர்.

"பேட்டரி குறைஞ்சதும் தானா வந்துடுவார் சார்" என்றார் பட்டை அதிகாரி.

*

வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு வாரியத்துக்குத் திரும்பினார்கள். கூரைக்கடியில் ஊழியர் ஒருவர் பெஞ்சிலிருந்தவருக்கு மூன்றாவது முறையாக டீ நீட்டிக்கொண்டிருந்தார். "குடிக்கவே மாட்டேங்கிறாங்க சார், எதுவும் மனக்கஷ்டமோ?" என்று சால்வையை விலக்கினார். உள்ளே ரப்பர் தலை. கணவர் எழுந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, வேன் சாவியை வாங்கிக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை. வேனைத் தடுப்பதற்கும் பிரிவு இல்லை. ஸ்டிக்கரைச் சுரண்டுவதற்குப் பிரிவு அமைக்க வேண்டுமானால் அடுத்த கூட்டம் வரை பொறுக்க வேண்டும்.

அவசரக் கூட்டம் மட்டும் உடனே நடந்தது. தலைவர் எழுந்து நின்றார்.

"நம்ம வாரியம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து யாரும் எங்கேயும் போனதில்ல. ஒருத்தர் ஏறி, பாலம் தாண்டி, தான் போகவேண்டிய இடத்துக்கே போய் இறங்கியிருக்காங்க, அதுவும் நேரத்துக்கு. இதை விபத்துன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது? நான் எதையும் மூடி மறைக்கிற ஆள் இல்ல. ஊருக்குச் சொல்லிடுவோம். போர்டை மாத்துங்க."

சாயங்காலம் கணவர் வேனில் வந்தார். டீச்சர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஏறினார். அவர் சொல்லச் சொல்ல, கணவர் முட்டி போட்டபடியே கொக்கிகளைச் சட்டத்தில் மாட்டினார், பெல்ட்டைப் போட்டார். பாலத்தடியில் போலீஸ்காரர் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு சல்யூட் அடித்தார். ஹெல்மெட் கம்பீரமாகத் தலையசைத்தது.

பாலத்தின் மேலிருந்து பலகை தெரிந்தது. ஏணியில் நின்று பெயிண்டர் எழுதிக்கொண்டிருந்தார். பழைய வரி போய்விட்டது. "இதுவரை நடந்த விபத்துகள்: 1."

ஒன்றுக்குப் பக்கத்தில் ஏன் அவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று கணவர் கேட்டார். ஹெல்மெட் பலகையைத் திரும்பிப் பார்த்தது.

மறுநாள் காலை, முதல் மணி அடிப்பதற்கு முன்பே, இரண்டாவது விபத்தும் நடந்தது.